உமரியைப் பிடுங்கலாமா?

கேள்வி: கடல்நீர் ஏறி, எங்கள் கடைமடை வயலில் மூன்று ஆண்டுகளாகச் சம்பா கருகுகிறது. இப்போது உமரி என்ற உவர்நிலச் செடி படர்கிறது. பிடுங்கிவிட்டு மண்ணடிக்கலாமா?
– வாசகர், வேதாரண்யம் வட்டம்

பதில்: பிடுங்காதீர்கள், ஐயா. கணுக்கணுவான அந்தத் தண்டைக் கிள்ளிச் சுவைத்திருக்கிறேன், உப்புக் கரிக்கும். அதன் வேர்தான் சேற்றைப் பிடித்து வைக்கிறது.

இங்கிலாந்தின் சாமர்செட் கடற்கரையில், ஸ்டியர்ட் என்ற இடத்தில், 2014இல் கடல்தடுப்புக் கரையைத் தாங்களே வெட்டிக் கடலை வயலுக்குள் விட்டார்கள். ஓதம் (கடல்நீரின் ஏற்றஇறக்கம்) கொண்டுவந்த வண்டல் படிந்து, உமரி போன்ற உப்புச் செடிகள் வளரும் உவர்சதுப்பு தழைத்தது. அங்கே இன்று மாடு மேய்கிறது. நம் பிச்சாவரத்திலும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதம் ஏறியிறங்க வழிவிட்டே அலையாத்தியை மீட்டார்கள்.

ஆனால் தனியாளாகக் கரையில் மண்வெட்டி வைக்காதீர்கள். பக்கத்து வயலும் கிணறும் உப்பாகிவிடும். ஸ்டியர்ட்டில் உட்புறம் புதுக்கரை எழுப்பிய பிறகுதான் பழையதை வெட்டினார்கள்.