பெயரும் செயலும் கல்லில் நிற்க: வாசகர் கேள்வி பதில்

இரண்டாம் உலகப் போருக்குப் போய் வந்த தாத்தாவின் நான்கு பதக்கங்கள் வீட்டில் இருக்கின்றன. ஊரில் அவர் பெயரில் கல் நடலாம் என்கிறார்கள். இவை வீரத்துக்குக் கிடைத்தவைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், குடியாத்தம்

மஞ்சள் உலோகத்தில் ஆறு முனை நட்சத்திரமாக இருந்தால் அது 1939–45 ஸ்டார், பர்மா ஸ்டார், ஆப்பிரிக்கா ஸ்டார், இத்தாலி ஸ்டார் போன்றவற்றில் ஒன்று. அந்தப் போர்முனையில் பணிபுரிந்த எல்லோருக்கும் கொடுத்தது. 1939–45 வார் மெடலும் இந்தியா சர்வீஸ் மெடலும் அப்படியே. 1965-க்கான சமர் சேவா ஸ்டார், 1971-க்கான பூர்வி ஸ்டார், பஸ்சிமி ஸ்டார், சங்க்ராம் மெடல் ஆகியவையும் போர்ப்பணிப் பதக்கங்கள்தான்.

வெள்ளிப் பதக்கத்தின் பின்பக்கம் 'ஃபார் பிரேவரி இன் த ஃபீல்டு' என்று இருந்தால் அது மிலிட்டரி மெடல். 'ஃபார் டிஸ்டிங்குயிஷ்டு சர்வீஸ்' என்று இருந்தால் இந்தியன் டிஸ்டிங்குயிஷ்டு சர்வீஸ் மெடல். இவை இரண்டும் தனி ஒருவரின் செயலுக்காகத் தரப்பட்டவை. வட்டப் பதக்கத்தின் விளிம்பையும் நட்சத்திரத்தின் முதுகையும் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். இந்தியப் படையினரின் நட்சத்திரங்களில் எண், பெயர், படைப்பிரிவு பொறிக்கப்பட்டிருக்கும். தேடலைத் தொடங்க அந்த எண் போதும்.

நான்கும் போர்ப்பணிப் பதக்கங்களாகவே இருந்தாலும் கல் நடலாம், நட வேண்டும். கல்லில் 'வீரப் பதக்கம் பெற்றவர்' என்று மட்டும் வெட்டாதீர்கள். 'பர்மா போர்முனையில் பணிபுரிந்தவர்' என்பதே பெருமைதான், அது உண்மையும்கூட.

எங்கள் ஊர்க்காரர் 1971 போரில் வீர் சக்ரா பெற்றவர். என்ன செய்து பெற்றார் என்பதை ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். சரியான விவரம் எங்கே கிடைக்கும்?
– வாசகர், சிவகங்கை

விருதுடன் ஒரு பாராட்டுரை உண்டு. எந்த இரவு, எந்த இடம், எதிரே என்ன இருந்தது, அவர் என்ன செய்தார் என்று ஒரு பத்தியில் சொல்லும். அதை முதலில் பாதுகாப்பு அமைச்சகத்தின் வீர விருதுகள் இணையதளத்தில் தேடுங்கள். இந்திய அரசிதழிலும் விருது அறிவிப்பு இருக்கும்.

பெயரை வைத்துத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். சுப்பிரமணியன் என்ற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாக எழுதியிருப்பார்கள். முன்னெழுத்து எங்கோ பின்னால் போயிருக்கும், தந்தை பெயரே வீரர் பெயராகப் பதிவாகியிருக்கும். பழைய ஆவணம் என்றால் திருச்சியை ட்ரிச்சினோபோலி என்றும், செங்கல்பட்டைச் சிங்கில்புட் என்றும், இராமநாதபுரத்தை ராம்நாட் என்றும் தேட வேண்டும். ராணுவ எண்ணில் இந்தக் குழப்பம் இராது. டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் ஆணை, பதக்க விளிம்பு இந்த மூன்றில் ஒன்றிலாவது அது இருக்கும்.

எண் கிடைத்ததும் குடும்பத்தார் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அந்தப் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுதலாம். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் மையம் நீலகிரி மாவட்டத்து வெலிங்டனில், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று ஊரில் சொல்லும் பொறியாளர் படையின் மையம் பெங்களூரில், பீரங்கிப் படையின் ஆவண அலுவலகம் நாசிக்கில் இருக்கின்றன. தமிழர் என்றால் மெட்ராஸ் ரெஜிமென்ட்தான் என்று நினைத்து வெலிங்டனுக்கு எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். கார்கிலில் வீழ்ந்த திருச்சி மேஜர் சரவணன் பிகார் ரெஜிமென்ட்டைச் சேர்ந்தவர். கல்வானில் வீழ்ந்த இராமநாதபுரத்து ஹவில்தார் பழனி பீரங்கிப் படைக்காரர்.

உலகப் போர்களில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடுங்கள். பல பதிவுகளில் தந்தை பெயரும் ஊரும்கூட இருக்கும். காஞ்சிபுரம் பக்கம் கீழ ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், 24.2.1944 அன்று இத்தாலியின் மிக்னானோவில், உடனிருந்தவர்களைக் காக்கக் கண்ணிவெடியின் மேல் தானே விழுந்து உயிர் கொடுத்தார். பிரிட்டனின் உயரிய வீர விருதுகளில் ஒன்றான ஜார்ஜ் கிராஸ் பெற்ற அவருடைய பெயரை இன்று எத்தனை பேர் சொல்வார்கள்?

அசோக சக்ரா பெரியதா, பரம் வீர் சக்ரா பெரியதா? எங்கள் ஊர்ப் பலகையில் எழுதுவதில் சண்டையே வந்துவிட்டது.
– வாசகர், தென்காசி

பரம் வீர், மகா வீர், வீர் சக்ராக்கள் எதிரியின் முன் காட்டிய வீரத்துக்கு. அசோக, கீர்த்தி, சௌர்ய சக்ராக்கள் அதற்கு வெளியே காட்டிய வீரத்துக்கு. தீவிரவாதிகளுடனான மோதல் பெரும்பாலும் இரண்டாவது வரிசையில் வரும். 2014-இல் காஷ்மீரில் வீழ்ந்த மேஜர் முகுந்த் வரதராஜனுக்கு அசோக சக்ரா தரப்பட்டது அதனால்தான். வரிசை முறையில் பரம் வீர் சக்ராவுக்கு அடுத்தது அசோக சக்ரா, பிறகு மகா வீர், கீர்த்தி, வீர், சௌர்ய.

1967-க்கு முந்தைய ஆவணத்தில் 'அசோக சக்ரா மூன்றாம் வகுப்பு' என்று இருந்தால் அது இன்றைய சௌர்ய சக்ரா. வகுப்பை விட்டுவிட்டு வெறும் 'அசோக சக்ரா' என்று பலகையில் எழுதினால் தவறு. வீர் சக்ராவை 'வி.சி.' என்று சுருக்குவதும் தவறு, அது பிரிட்டனின் விக்டோரியா கிராஸ் விருதின் சுருக்கம்.

கல்லில் என்ன எழுதுவது, எப்படி வெட்டுவது?
– வாசகர், அறந்தாங்கி

செங்கம் பகுதி நடுகற்களைப் பாருங்கள். எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆண்டு, எந்த ஊர், யாருடைய சேவகன், 'தொறு மீட்டுப் பட்டான்' என்று சில வரிதான். தொறு என்றால் ஆநிரை, அதாவது மாட்டு மந்தை; பட்டான் என்றால் இறந்தான். ஆயிரம் ஆண்டுக்கு மேலாகியும் அந்த ஆள் என்ன செய்தான் என்பது நமக்குத் தெரிகிறது. இன்று நடும் பல கற்களில் திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர், நன்கொடை தந்தவர் பெயர்கள் பத்து வரி இருக்கும். வீரரின் செயலுக்கு 'நாட்டுக்காக வீரமரணம் அடைந்தார்' என்ற ஒற்றை வரிதான் மிஞ்சும். இது மாற வேண்டும்.

இரண்டடி அகலம், மூன்றடி உயரக் கல்லில் ஓர் அங்குல எழுத்தாக வெட்டினால், பெயருக்குப் பெரிய எழுத்தும் ஓரமும் போக, சுமார் 30 சொல்தான் கொள்ளும். பெயர், பதவி, எண், படைப்பிரிவு, பிறந்த ஊர், செயல் நடந்த இடமும் நாளும், என்ன செய்தார், விருது என்ற வரிசையில் முதலில் எழுதிக்கொண்டு பிறகு குறையுங்கள். திறந்து வைத்தவர் பெயர் பீடத்தின் பக்கவாட்டில் ஒரு சிறு பலகையில் இருக்கட்டும்.

தேதியில் கவனம் வேண்டும். ஹவில்தார் பழனியின் செயல் நடந்தது 15.6.2020, வீர் சக்ரா அறிவிப்பு 2021 ஜனவரி, விருது வழங்கியது 2021 நவம்பர். கல்லில் முதலில் நிற்க வேண்டியது செயல் நடந்த நாள். சிங்க முத்திரையை வெட்டாதீர்கள், அனுமதியின்றி அதைப் பயன்படுத்த 2005-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

பிழைகள் நுழையும் இடம் பெரும்பாலும் கணினிதான். நீங்கள் யூனிகோடில் அனுப்பியதைப் பட்டறைக்காரர் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது புள்ளி உதிரும், கொம்பும் காலும் இடம் மாறும். கைப்பேசியில் படம் பார்த்துச் சரி சொல்லாதீர்கள். கல்லின் முழு அளவில் தாளில் அச்செடுத்து, குடும்பத்தில் ஒருவரும் தமிழாசிரியர் ஒருவரும் எழுத்தெழுத்தாகப் படித்துக் கையெழுத்திட்ட பிறகே வெட்டச் சொல்லுங்கள்.

கறுப்பு கிரானைட்டில் எழுத்து மூன்று மில்லிமீட்டராவது ஆழமாக இருக்கட்டும். மேலோட்டமாகக் கீறித் தங்க வண்ணம் பூசினால், வண்ணம் உதிர்ந்ததும் எழுத்தும் போனதுபோலத்தான். ஆழமாக வெட்டியது வண்ணம் போனாலும் வாசிக்கக் கிடைக்கும். சுவரில் பதிக்கும் பலகையை வெறும் சிமென்ட்டை நம்பி ஒட்டாதீர்கள், நான்கு மூலையிலும் துருப்பிடிக்காத எஃகு முளை வேண்டும். சாதாரண இரும்பு துருப்பிடித்துப் பருத்தால் கல்லின் மூலை தெறித்துவிடும். கரிசல் மண்ணில் பீடம் கட்டினால் கெட்டி மண் வரும்வரை தோண்டி, மணல் இட்டு நீர் விட்டு இறுக்கி, அதன் மேல் கான்கிரீட் போடுங்கள். இல்லாவிட்டால் கோடையில் மண் வெடிக்கும்போது பீடம் சாயும்.

பேருந்து நிறுத்தத்தில் சிலை வைக்க விரும்புகிறோம். யாரிடம் அனுமதி வாங்குவது?
– வாசகர், ஓமலூர்

சாலை, நடைபாதை, பொதுப் பயன்பாட்டு இடங்களில் சிலைக்கோ கட்டுமானத்துக்கோ அனுமதி தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 18.1.2013 அன்று உத்தரவிட்டிருக்கிறது. அனுமதியின்றி வைத்தால் ஒருநாள் அகற்றுவார்கள். அந்த அவமானம் வீரரின் பெயருக்கு வர வேண்டாம்.

அவர் படித்த பள்ளியின் வளாகம், ஊராட்சி நூலகச் சுவர், குடும்பத்தின் பட்டா நிலம் ஆகியவற்றைப் பாருங்கள். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில், முதல் உலகப் போருக்கு அங்கிருந்து எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று பதித்திருக்கிறார்கள். கட்டடத்தோடு சேர்ந்த பலகை இடைஞ்சலாகவும் இராது, எளிதில் அகற்றப்படவும் மாட்டாது. கிராம சபையில் தீர்மானம் போட்டு அதன் நகலோடு ஊராட்சிக்கும் ஆட்சியருக்கும் எழுதுங்கள். பள்ளி என்றால் கல்வித் துறையின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் வேண்டும். கல்லை யார் பராமரிப்பது என்பதையும் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள்.

பதக்கம் கறுத்துவிட்டது. விபூதி போட்டுத் துலக்கலாமா?
– வாசகர், கும்பகோணம்

வேண்டாம். விபூதி, புளி, பல்பொடி எல்லாமே வெள்ளியைத் தேய்க்கும், முதலில் போவது விளிம்பில் இருக்கும் பெயர். மென்மையான பருத்தித் துணியால் தூசியைத் துடைத்தால் போதும், கறுப்பு இருந்துவிட்டுப் போகட்டும். ரிப்பனைத் துவைக்காதீர்கள். பி.வி.சி. உறையில் வைக்காமல் பாலிதீன் உறையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். வெயில் படும் சுவரில் மாட்டினால் ரிப்பனின் நிறம் வெளுத்து, எந்தப் பதக்கத்தின் ரிப்பன் என்பதே தெரியாமல் போகும். இன்றே முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு மூன்றையும் படமெடுத்து, பாராட்டுரையின் நகலோடு குடும்பத்தில் இரண்டு வீடுகளில் தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள்.