பச்சைப் பென்சிலின் குடும்பம்: ஃபாபர்-காஸ்டெல் கேள்வி பதில்

பள்ளியில் முப்பது வருடத்துக்கும் மேல் டிராயிங் மாஸ்டராக இருந்தவன் நான். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, பச்சை நிறப் பென்சில் ஒன்று கட்டாயம் இருக்கும். அதைச் செய்கிற ஃபாபர்-காஸ்டெல் குடும்பத்தைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

கல்லூரி மாணவி, சேலம்: சார், இவ்வளவு பெரிய கம்பெனி. ஆரம்பத்திலேயே பணக்காரக் குடும்பமா?

இல்லையம்மா. தச்சுப் பட்டறையில் ஆரம்பித்த தொழில் இது. காஸ்பர் ஃபாபர் மேசை, அலமாரி செய்கிற தச்சர். ஜெர்மனியில் நியூரம்பெர்க் நகரத்தை ஒட்டி ஸ்டைன் என்று ஒரு சிற்றூர். அங்கே 1761 இல் சொந்தமாகப் பென்சில் செய்யத் தொடங்கினார்.

அந்தக் காலத்துப் பென்சில் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் அவர் பட்ட பாடு புரியும். நல்ல கிராஃபைட், அதாவது பென்சிலுக்குள் எழுதுகிற கருப்புக் கனிமம், இங்கிலாந்தின் பாரோடேல் சுரங்கத்தில் கிடைத்தது. கட்டியாக வரும், ரம்பத்தால் குச்சி குச்சியாக அறுத்து மரத்துக்குள் வைத்துவிடலாம். ஜெர்மன் பட்டறைக்காரர்களுக்குக் கிடைத்ததோ தூள். அதைக் கந்தகத்தோடு உருக்கிக் குச்சியாக்கினார்கள். தாளைக் கீறும், மங்கலாக எழுதும். 1795 இல் பிரான்ஸில் நிக்கோலா ழாக் கோந்தே, கிராஃபைட் தூளைக் களிமண்ணோடு பிசைந்து சூளையில் சுடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். களிமண் கூடினால் கடினம், குறைந்தால் மென்மை, கருமை. உங்கள் பென்சிலில் இருக்கும் H (கடினம்), B (கருமை) எல்லாம் இந்தக் கலவைக் கணக்குதான். நம் ஊர்க் குயவர் மண் பதம் பார்ப்பது போலத்தான் என்று வகுப்பில் சொல்லுவேன். பிள்ளைகளுக்கு உடனே பிடிபட்டுவிடும்.

காஸ்பருக்கு அடுத்து வந்த மகன் ஆன்டன் வில்ஹெல்ம். ஏ.டபிள்யூ. ஃபாபர் என்ற பெயர் இவரால் வந்தது. மூன்றாம் தலைமுறையில், கியோர்க் லியோன்ஹார்ட் காலத்தில், தொழில் நலிந்துவிட்டது. ஏறக்குறைய இருபது பேர்தான் வேலையில் இருந்தார்கள்.

வங்கி ஊழியர், திருநெல்வேலி: அப்படி நலிந்த தொழிலைத் தூக்கி நிறுத்தியது யார்?

லோத்தர் ஃபாபர். நான்காம் தலைமுறை. இந்தக் குடும்பத்தில் ஒருவரைப் பற்றி மட்டும் பேசு என்றால் இவரைப் பற்றித்தான் பேசுவேன்.

பாரிஸில் வியாபாரம் பழகிக்கொண்டிருந்தவர், தந்தை இறந்ததும் 1839 இல் ஊர் திரும்பிப் பொறுப்பை ஏற்றார். வயது 22. அன்று நியூரம்பெர்க் பென்சில் என்றாலே மட்டமான மலிவுச் சரக்கு. வியாபாரிகள் அடிமாட்டு விலைக்கு வாங்குவார்கள், செய்தவர் யார் என்று வாங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. லோத்தர் பென்சிலின் நீளம், பருமன், லெட்டின் (உள்ளே எழுதும் குச்சியின்) கடினம் எல்லாவற்றுக்கும் ஓர் அளவு வைத்தார். அப்புறம் ஒவ்வொரு பென்சிலிலும் ஏ.டபிள்யூ. ஃபாபர் என்று பொறித்தார். மாதிரிகளை எடுத்துக்கொண்டு ஐரோப்பிய நகரங்களுக்குத் தானே போய்க் கடைக்காரர்களைப் பார்த்தார்.

பெயர் பொறிப்பது இன்று நமக்குச் சாதாரணமாகத் தெரியும். யோசித்துப் பாருங்கள். பெயர் இல்லாத பென்சில் உடைந்தால் யாரைக் கேட்பது? பெயர் இருந்தால் செய்தவர் சிக்கிக்கொள்கிறார். லோத்தர் விரும்பியே அந்தப் பொறுப்பைத் தலையில் ஏற்றிக்கொண்டார். அதனால்தான் அவரால் கூடுதல் விலை கேட்க முடிந்தது. என் கணக்கில் இந்தக் கம்பெனி உண்மையில் பிறந்தது அந்த முத்திரையில்தான்.

1849 இல் நியூயார்க்கில் கிளை. பிறகு லண்டன், பாரிஸ். நியூயார்க்கைப் பார்த்துக்கொண்டவர் தம்பி எபர்ஹார்ட். பென்சிலுக்கு ஏற்ற செஞ்சீடர் மரம் ஃபுளோரிடாவில் விளைகிறது என்று கண்டு, அதைக் கப்பலில் ஸ்டைனுக்கு அனுப்பியவரும் அவரே. பிற்பாடு அமெரிக்கக் கிளை தனிக் கம்பெனியாகவே பிரிந்துவிட்டது. இன்னொரு தம்பி யோஹான், நியூரம்பெர்க்கிலேயே தனித் தொழிற்சாலை போட்டார். அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிவது எந்த ஊரிலும் உண்டுதானே.

ஓவிய மாணவர், சென்னை: மாஸ்டர், சைபீரியாவிலிருந்து கிராஃபைட் வந்தது என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான் தம்பி. பாரோடேல் சுரங்கம் வற்றிக்கொண்டு வந்த நேரம். ழான் பியர் அலிபேர் என்ற பிரெஞ்சு வணிகர் சைபீரியாவில் இர்குட்ஸ்க் பக்கத்து மலையில் முதல்தரமான கிராஃபைட்டைக் கண்டுபிடித்திருந்தார். 1856 இல் லோத்தர் அவரோடு ஒப்பந்தம் போட்டு, அந்தச் சுரங்கத்தின் கிராஃபைட் முழுக்கப் பென்சிலுக்காகத் தன் கம்பெனிக்கு மட்டும் என்று உறுதி செய்துகொண்டார். மலையிலிருந்து இறக்கி, கலைமான்கள் மேல் ஏற்றி, துறைமுகம் வரைக்கும் கொண்டு வந்தார்கள். ஒரு பென்சிலின் வயிற்றுக்குள் போகும் கருப்புக்கு எவ்வளவு தூரம்!

ஓவியர்கள் இதைக் கவனித்தார்கள். 1883 இல் வான்கோ தன் நண்பர் வான் ராப்பார்டுக்கு எழுதிய கடிதத்தில், ஃபாபர் பென்சில் ஒன்றைக் கண்டுபிடித்ததாகவும், அது தச்சர் பென்சிலைவிடத் தரமானது, மென்மையானது, அருமையான கருப்பு என்றும் எழுதுகிறார். அன்று கையில் காசில்லாத மனிதர் அவர். அவர் ஒரு பென்சிலைப் பாராட்டினால் அதில் விஷயம் இருக்கிறது.

ஸ்டேஷனரி கடைக்காரர், ஈரோடு: எங்கள் பக்கம் எந்த நல்ல பிராண்டுக்கும் டூப்ளிகேட் வந்துவிடுகிறது. அந்தக் காலத்திலும் இது உண்டா?

உண்டு, ஏராளமாக. பெயருக்கு மதிப்பு வந்ததும் அதே பெயரை, அதைப் போன்ற பெயரைப் போட்டு விற்க ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். லோத்தர் சும்மா இருக்கவில்லை. 1874 இல் ஜெர்மன் நாடாளுமன்றத்துக்கு மனு கொடுத்தார், வணிகச் சின்னங்களைக் காக்க ஒரு சட்டம் வேண்டும் என்று. 1875 இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. உங்கள் கடையில் ஒரு பிராண்டை நம்பி ஒருவர் காசை நீட்டுகிறார் என்றால், அந்த நம்பிக்கைக்குச் சட்டத்தில் இடம் கேட்டவர்களில் ஒரு பென்சில்காரரும் உண்டு.

குடும்பத் தலைவி, காரைக்குடி: ஃபாபர் சரி. காஸ்டெல் எங்கிருந்து வந்தது?

கல்யாணத்தில் வந்தது அம்மா. லோத்தருக்கு ஒரே மகன், வில்ஹெல்ம். அவருடைய ஆண் குழந்தைகள் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். 1893 இல் வில்ஹெல்மும் இறந்தார், மூன்று வருடத்தில் லோத்தரும். பேத்தி ஓட்டிலி 1898 இல் காஸ்டெல் வம்சத்து அலெக்சாண்டர் பிரபுவை மணந்தார். தொழில் பெயர் மறையக்கூடாது என்பது தாத்தாவின் விருப்பம். அதனால் மாப்பிள்ளை தன் பெயரோடு பெண் வீட்டுப் பெயரைச் சேர்த்துக்கொண்டார். ஃபாபர்-காஸ்டெல் என்ற பெயர் பிறந்த கதை இதுதான்.

1905 இல் அலெக்சாண்டர் கொண்டுவந்ததுதான் காஸ்டெல் 9000, நான் சொன்ன பச்சைப் பென்சில். அவருடைய படைப்பிரிவின் சீருடை நிறம்தான் அந்தப் பச்சை என்று சொல்வார்கள். 8B முதல் 6H வரை 16 தரங்கள். 1908 இல் பாலிகுரோமோஸ் கலர் பென்சில், அன்று 60 நிறம், இன்று 120. அந்தத் தம்பதியின் வாழ்க்கை நீடிக்கவில்லை, 1918 இல் பிரிந்துவிட்டார்கள். பெயர் மட்டும் பிரியவில்லை.

பள்ளி மாணவனின் தாய், மதுரை: கலர் பென்சில் சீவச் சீவ உடைந்துகொண்டே இருக்கிறது. பென்சில் மட்டமா, பையன் சரியாகச் சீவவில்லையா?

பெரும்பாலும் இரண்டும் இல்லை. கீழே விழுந்திருக்கும்.

கருப்பு லெட்டைச் சூளையில் ஏறக்குறைய 1000 டிகிரியில் சுடுகிறார்கள், பிறகு மெழுகில் ஊற வைக்கிறார்கள். கலர் லெட்டைச் சுட முடியாது, நிறம் செத்துவிடும். நிறப்பொடி, மெழுகு அல்லது எண்ணெய், பிசின் எல்லாம் பிசைந்து உலர்த்துவதோடு சரி. அதனால் அது எப்போதும் கொஞ்சம் பலவீனம்தான். ஒருமுறை வகுப்பில், மேசையிலிருந்து நாலைந்து தடவை விழுந்த சிவப்புப் பென்சிலை எடுத்து, மரத்தை நீளவாக்கில் பிளேடால் பிளந்து காட்டினேன். வெளியே ஒரு கீறல் இல்லை. உள்ளே லெட் ஐந்து துண்டாகக் கிடந்தது. பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் பென்சில் கீழே விழுகிற சத்தமே குறைந்துவிட்டது.

இதற்குத்தான் லெட்டை மரத்தோடு நீளம் முழுக்க ஒட்டிவிடுகிறார்கள். எட்டாம் தலைமுறை ஆன்டன் வொல்ஃப்காங் பிரபு, இந்த உறுதியைக் காட்டுவதற்காகத் தன் கோட்டையின் கோபுரத்திலிருந்து பென்சில்களைக் கல்தரையில் போட்டுக் காட்டியிருக்கிறார். வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது: டப்பாவின் அடியில் ஒரு துணித்துண்டு விரியுங்கள், கூரான ஷார்ப்னர் வாங்கிக் கொடுங்கள்.

வரலாற்று ஆசிரியர், புதுச்சேரி: கோட்டை என்றீர்களே, அது இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. ஸ்டைனில் 1903 முதல் 1906 வரை கட்டியது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்கப் படை அதை எடுத்துக்கொண்டது. நாஜித் தலைவர்கள் மீது நடந்த நியூரம்பெர்க் விசாரணையைப் பதிவு செய்ய வந்த பத்திரிகையாளர்களைத் தங்க வைத்தது அங்கேதான். பிற்பாடு மேற்கு ஜெர்மனியின் பிரதமரான வில்லி பிராண்ட், எழுத்தாளர் எரிக்கா மான் எல்லாம் அந்த முகாமில் இருந்தவர்கள்.

தொழிற்சங்க உறுப்பினர், கோவை: தொழிலாளர்களுக்கு என்ன செய்தார்கள்?

1844 இலேயே தொழிலாளர்களுக்கு நோய்க்கால உதவி நிதி. 1851 இல் குழந்தைகள் காப்பகம். வீடுகள், சேமிப்பு வங்கி, நூலகம். 2000 இல் ஜெர்மனியின் ஐ.ஜி. மெட்டால் தொழிற்சங்கத்தோடு, தொழிலாளர் உரிமைகள் பற்றி உலகம் முழுக்கத் தங்கள் ஆலைகளுக்குப் பொருந்தும் ஒப்பந்தம் போட்டார்கள்.

ஓய்வு பெற்ற பொறியாளர், திருச்சி: நான் படித்த காலத்தில் ஃபாபர்-காஸ்டெல் சிலைடு ரூல் வைத்திருந்தேன். அதை ஏன் நிறுத்திவிட்டார்கள்?

ஐயா, உங்களைப் போன்றவர்கள் கையில் கால்குலேட்டர் வந்ததால்தான். கால்குலேட்டருக்கு முன்னால் பெருக்கல், வகுத்தல் போட உதவிய நகரும் அளவுகோல் அது. 1892 முதல் செய்து வந்தார்கள், உலகத்தில் பெரிய சிலைடு ரூல் தயாரிப்பாளர்களில் அவர்களும் ஒருவர். 1970களில் சில வருடத்திலேயே அந்த வியாபாரம் முடிந்துபோயிற்று. 1978 இல் பொறுப்புக்கு வந்த ஆன்டன் வொல்ஃப்காங், எலெக்ட்ரானிக்ஸ் பக்கம் போகாமல் மரப் பென்சிலையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். 1980களில் பிரேசிலின் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தில், பிராட்டா பக்கம் பைன் மரம் நட ஆரம்பித்தார்கள். அந்தத் தோட்டம் இன்று ஏறக்குறைய 10,000 ஹெக்டேர். அதில் கணிசமான பகுதியை இயற்கைக் காடாகவே விட்டிருக்கிறார்கள். வெட்ட வெட்ட நட்டு, தங்கள் பென்சிலுக்கான மரத்தைத் தாங்களே வளர்க்கிறார்கள். வருடத்துக்கு 200 கோடிக்கும் மேல் மரப் பென்சில் செய்கிற கம்பெனிக்கு இது வேண்டியதுதான்.

ஒரு வாசகர், வேலூர்: ஸ்டெட்லர் இவர்களுக்குச் சொந்தமா?

இல்லை. அதுவும் நியூரம்பெர்க் கம்பெனி, ஆனால் தனி. ஃபிரீட்ரிஷ் ஸ்டெட்லர் என்ற பென்சில் கைவினைஞர் பெயர் 1662 இலேயே நகர ஆவணத்தில் இருக்கிறது. கம்பெனியாகத் தொடங்கியது 1835 இல். இரண்டுமே நல்ல பென்சில்.

ஐ.டி. ஊழியர், பெங்களூரு: இன்னும் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறதா?

உரிமை குடும்பத்திடம்தான். ஆன்டன் வொல்ஃப்காங் 2016 ஜனவரியில் காலமானார். 2017 இல் குடும்பத்துக்கு வெளியிலிருந்து முதல் தலைமை நிர்வாகியாக டானியல் ரோகர் வந்தார். நிர்வாகம் வெளியாளிடம், சொத்து ஒன்பதாம் தலைமுறையிடம்.

பிளஸ் டூ மாணவி, நாகர்கோவில்: மாஸ்டர், வரையத் தொடங்குகிறேன். பெரிய செட் வாங்கலாமா?

வேண்டாம் கண்ணு. 2B ஒன்று, 6B ஒன்று வாங்கிக்கொள். இரண்டையும் வைத்து ஒரே தேங்காயைப் பத்து தடவை வரை. ஒளிபடும் பக்கம், நிழல் பக்கம், நார் பிரிகிற இடம் எல்லாம் இந்த இரண்டிலேயே வந்துவிடும். பிளேடால் சீவப் பழகு. லெட் அரை அங்குலம் வெளியே தெரியட்டும், பக்கவாட்டில் தேய்த்து நிழல் போட வசதி. எண் பொறித்திருக்கும் முனையை மட்டும் சீவாதே. சீவிவிட்டால் எது 2B, எது 6B என்று ஒவ்வொரு தடவையும் தாளில் கிறுக்கித்தான் பார்க்க வேண்டியிருக்கும்.