வாசகர் கேள்வி: ஹெட் வேலைக்குப் பிறகு மிஸ்ஸிங், இழுவையும் இல்லை

கேள்வி: நான்கு சிலிண்டரும் டைமிங் பெல்ட்டும் கொண்ட சிறிய பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். குன்னூர் மலைப்பாதையில் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து, எஞ்சின் சூடேறி நின்றுவிட்டது. எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, லேத் பட்டறையில் அதன் அடிப்பரப்பைச் சமமாக்கும் ஃபேசிங் செய்து, வால்வுகளையும் கிரைண்டிங் செய்து, புதிய கேஸ்கட்டும் புதிய டைமிங் பெல்ட்டும் போட்டார்கள். அதிலிருந்து ஐட்லிங்கில் வண்டி உதறுகிறது; சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் விட்டுப்போகும் மிஸ்ஸிங் அடிக்கிறது. பர்லியார் ஏற்றத்தில் முதல் கியரை விட்டு மாற்ற முடியவில்லை. மைலேஜும் குறைந்துவிட்டது. ஸ்கேனரில் பி0300 என்று காட்டுகிறது. பிளக், பிளக் ஒயர், காயில், பெட்ரோல் பம்ப் என்று எல்லாம் மாற்றியாயிற்று. கம்ப்ரஷன் பார்த்தபோது நான்கு சிலிண்டரிலும் 115 முதல் 120 பவுண்டு வந்தது. எல்லாம் சமமாக இருப்பதால் எஞ்சினில் குறையில்லை, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசிஎம்தான் போயிருக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
– மேட்டுப்பாளையம் வாசகர்

பதில்: இப்போது மாற்ற வேண்டாம். மலை ஏறும் வரை சரியாக ஓடிய வண்டி, ஹெட்டைக் கழற்றி மாட்டிய பின் உதறுகிறது என்றால், கழற்றி மாட்டிய இடங்களில்தான் முதலில் தேட வேண்டும். இசிஎம்மை அந்த வேலையில் யாரும் தொடவில்லை. பெட்ரோல் பம்ப்பையும் தொடவில்லை. அதை மாற்றுவதற்கு முன் எரிபொருள் அழுத்தத்தை ஒரு கேஜ் வைத்துப் பார்த்திருந்தால் அந்தச் செலவு மிஞ்சியிருக்கும்.

உங்கள் கடிதத்திலேயே மிக முக்கியமான தகவல், மெக்கானிக் குறையில்லை என்று ஒதுக்கிய அந்த 115–120 பவுண்டுதான். நல்ல நிலையில் இருக்கும் இத்தகைய எஞ்சின்களில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 150 முதல் 190 பவுண்டு வரை அழுத்தம் காட்டும். உங்கள் வண்டிக்கு உரிய அளவும், அதற்குக் கீழே போகக் கூடாத அளவும் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். நான்கும் சமமாக இருப்பது நல்லதுதான், ஆனால் நான்கும் சமமாகக் குறைந்திருப்பது நல்லதல்ல. ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் அதன் வால்வையோ பிஸ்டன் ரிங்கையோ சந்தேகிக்கலாம். அடுத்தடுத்த இரண்டு குறைந்தால் அவற்றின் இடையே கேஸ்கட் விட்டிருக்கலாம். பெல்ட் மாற்றிய கையோடு நான்கும் ஒரே மாதிரி குறைந்தால் முதல் சந்தேகம் வால்வுகள் திறந்து மூடும் நேரமான வால்வு டைமிங் மீதுதான் விழ வேண்டும். பி0300 என்ற எண்ணும் இதற்கு ஒத்தே போகிறது. பி0301 முதல் பி0304 வரை உள்ளவை குறிப்பிட்ட ஒரு சிலிண்டரைக் காட்டுபவை. 0300 என்பது மிஸ்ஸிங் ஓரிடத்தில் நிற்காமல் பல சிலிண்டர்களிலும் மாறி மாறி வருகிறது என்று சொல்வது.

முடிவுக்கு வருமுன் அந்தக் கம்ப்ரஷன் சோதனையையே ஒருமுறை சரியாகச் செய்யச் சொல்லுங்கள். நான்கு பிளக்குகளும் வெளியே இருக்க வேண்டும், ஆக்சிலரேட்டர் முழுவதும் மிதித்திருக்க வேண்டும், பேட்டரி நல்ல சார்ஜில் இருக்க வேண்டும், இன்ஜெக்டரும் காயிலும் வேலை செய்யாதபடி துண்டித்திருக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எடுத்த அளவு காற்றே போகாமல் எடுத்த அளவு, அதை நம்ப முடியாது. சரியாக எடுத்தும் 120தான் வருகிறது என்றால், ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அளவு நன்றாக ஏறினால் சூட்டில் ரிங்குகள் விறைப்பு இழந்திருக்கின்றன என்று பொருள். உங்கள் வண்டி சூடேறி நின்ற வண்டி என்பதால் இதை ஒதுக்கிவிட முடியாது. ஏறாவிட்டால் பெல்ட் கவரைத் திறக்க வேண்டியதுதான்.

டைமிங் பெல்ட் ஒரே ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டால் என்ன ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் பெல்ட் வழியாக ஒரு சுற்று சுற்றும். கிராங்க் பல்சக்கரத்தில் 24 பற்களும் கேம் பல்சக்கரத்தில் 48 பற்களும் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு பல் பிசகினாலே கிராங்க் கணக்கில் 15 டிகிரி வித்தியாசம் வந்துவிடும். கேம் அந்த அளவு பின்தங்கினால், பிஸ்டன் மேலேறத் தொடங்கி வெகுநேரம் ஆன பிறகே இன்டேக் வால்வு மூடும்; அதற்குள் உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதி, காற்று வரும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டுக்கே திரும்பிப் போய்விடும். குறைந்த வேகத்தில் இழுவை செத்துப்போவதற்கும், ஐட்லிங்கில் உதறுவதற்கும், கம்ப்ரஷன் நான்கிலும் ஒன்றுபோல் இறங்குவதற்கும் இந்த ஒரு காரணமே போதும். மேனிஃபோல்டு அழுத்தத்தை அளந்து பெட்ரோலைத் தீர்மானிக்கும் வண்டியாக இருந்தால், அங்கே உறிஞ்சும் வேக்குவம் குறைவதை எஞ்சின் மேல் சுமை கூடியிருப்பதாகக் கணினி புரிந்துகொண்டு இன்னும் அதிகமாகப் பெட்ரோலைத் தெளிக்கும். மைலேஜ் குறைந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். புதிய பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால் கரி படிந்திருக்கும். ஒரு பல் அளவுள்ள பிசகை எல்லா வண்டிகளின் கணினியும் கண்டுபிடித்துச் சொல்வதில்லை, ஆகவே ஸ்கேனரில் டைமிங் பற்றிய பிழைக் குறியீடு வரவில்லை என்பதை வைத்து டைமிங் சரியென்று முடிவுகட்டக் கூடாது.

இப்படிப் பிசகுவது கவனக்குறைவால் மட்டும் வருவதும் அல்ல. கிராங்க், கேம் பல்சக்கரங்களில் உள்ள டைமிங் குறிகள் இரண்டையும் ஒழுங்காகச் சேர்த்துத்தான் பெல்ட்டை மாட்டியிருப்பார்கள். ஆனால் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் இல்லாத பக்கத்தில் பெல்ட் கொஞ்சம் தொய்வாக இருந்தால், எஞ்சின் சுற்றத் தொடங்கியதும் கிராங்க் முதலில் அந்தத் தொய்வை இழுத்துக்கொண்டு, பிறகே கேமைத் திருப்பும், கேம் பின்தங்கிவிடும். அதனால்தான் பெல்ட் மாட்டி டென்ஷனரை இறுக்கிய பின், கிராங்க் போல்ட்டில் ஸ்பானர் போட்டு, எஞ்சினை அது ஓடும் திசையிலேயே கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்றி, குறிகள் மறுபடி நேருக்கு நேர் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். இந்தச் சுற்றலைச் செய்தீர்களா என்று உங்கள் மெக்கானிக்கிடம் கேளுங்கள். கிராங்க் பக்கக் குறியை வெளிப்புற புல்லியில் பார்க்காமல், உள்ளே இருக்கும் பல்சக்கரத்தில் பார்ப்பது நல்லது, ஏனெனில் புல்லியின் ரப்பர் வளையம் நழுவியிருந்தால் அதன் குறி பொய் சொல்லும். பல்சக்கரத்தை ஷாஃப்ட்டோடு பூட்டும் கீ தேய்ந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். கையால் சுற்றும்போது எங்காவது கெட்டியாக இடித்தால் பலவந்தமாகத் திருப்பாதீர்கள். வால்வு பிஸ்டனில் முட்டும் எஞ்சினாக இருக்கலாம்.

கவரைத் திறப்பதற்கு முன்பே இதை உறுதிசெய்துகொள்ள வேக்குவம் கேஜ் உதவும். அதை மேனிஃபோல்டு குழாயில் இணைத்து ஐட்லிங்கில் வைத்தால், கடல் மட்டத்தில் நல்ல எஞ்சின் பாதரச அளவில் 17 முதல் 21 அங்குலம் வரை காட்டும். முள் ஆடாமல் மிகத் தாழ்வான இடத்தில் நிற்பது டைமிங் பின்தங்கியதற்கான அடையாளம். குறிப்பிட்ட இடைவெளியில் முள் துடித்துத் துடித்து இறங்கினால் ஒரு வால்வு ஒழுங்காக மூடவில்லை. உயரம் கூடக்கூட, ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் இயல்பாகவே குறையும் என்பதை நீங்கள் நினைவில் கொள்ள வேண்டும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் அளந்துவிட்டு எஞ்சின் கெட்டுவிட்டது என்று பயப்படக் கூடாது. அங்கே காற்று மெலிந்திருப்பதால் டர்போ இல்லாத எந்த எஞ்சினும் ஐந்தில் ஒரு பங்கு போல இழுவை இழந்துதான் ஓடும். சோதனையை மேட்டுப்பாளையத்திலேயே செய்துகொள்ளுங்கள்.

குறிகள் சரியாகவே இருந்தால் அடுத்து, கேமுக்கும் வால்வுக்கும் இடையே விடும் டேப்பட் இடைவெளியைப் பார்க்க வேண்டும். வால்வைக் கிரைண்டிங் செய்யும்போது அது தன் இருக்கையில் இன்னும் உள்ளே இறங்குகிறது, அதன் மறுமுனை கேமை நோக்கி உயர்கிறது, இடைவெளி குறைகிறது. இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பட் இல்லாத எஞ்சினில் இதைத் திரும்பச் சரிசெய்யாமல் விட்டால், சூடேறியதும் வால்வு முழுவதும் மூடாது. எல்லா வால்வுகளையும் கிரைண்டிங் செய்திருந்தால் நான்கு சிலிண்டரிலும் அழுத்தம் இறங்கலாம், ஆனால் டைமிங் பிசகு போல இவ்வளவு சமமாக இறங்குவது அரிது. இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கட், பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ், எஞ்சினிலிருந்து பாடிக்கு வரும் எர்த் பட்டை ஆகிய மூன்றையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்; ஹெட் வேலையில் மறந்துபோகிறவை இவை.

ஒன்றை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். இந்த நிலையில் வண்டியை ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் எரியும். உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும். செக் எஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னினால் அந்த ஆபத்தைத்தான் அது சொல்கிறது. டைமிங்கைச் சரிசெய்து மிஸ்ஸிங் நின்ற பிறகும் இழுவை வராவிட்டால், முன்பக்க ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் கேஜ் வைத்து, எஞ்சினை 2,500 சுற்றில் பிடித்துப் பாருங்கள். 3 பவுண்டுக்கு மேல் காட்டினால் புகை வெளியேற வழியில்லாமல் அடைபட்டிருக்கிறது.

கேள்வி: டேப்பட் கவர் கேஸ்கட் மட்டும்தான் மாற்றினார்கள். மறுநாளிலிருந்து மிஸ்ஸிங். ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனிக் காயில் உள்ள வண்டி. ஸ்கேனர் பி0303 காட்டுகிறது. ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்கிறார்கள்.
– சேலம் வாசகர்

பதில்: அதற்கு அவசியம் வந்துவிட்டதாகத் தெரியவில்லை. மூன்றாம் சிலிண்டரின் காயிலை உருவி, அதன் ரப்பர் குழலைப் பாருங்கள். பிளக் குழிக்குள் ஆயில் தேங்கி ரப்பர் ஊறியிருந்தால், கவருடன் வரும் குழி சீல்களை மாற்றாமல் விட்டிருக்கிறார்கள், அல்லது மாட்டும்போது அது மடங்கியிருக்கிறது. ஆயிலைத் துடைத்துச் சீலைச் சரியாகப் பொருத்தி, ஊறிய ரப்பரையும் மாற்ற வேண்டும். குழி காய்ந்திருந்தால் அந்தக் காயிலை இரண்டாம் சிலிண்டரிலும், இரண்டாவதன் காயிலை மூன்றிலும் மாற்றி வைத்து, ஸ்கேனரில் பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பி0302 என்று மாறினால் காயில்தான் குற்றவாளி. மறுபடியும் பி0303 வந்தால் அடுத்து பிளக்கையும் அதே போல இடம் மாற்றுங்கள். கழற்றும்போது பீங்கானில் மயிரிழை விரிசலும் கரிக்கோடும் இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். அதற்குப் பிறகும் மூன்றிலேயே நின்றால், கவரைக் கழற்றியபோது தளர்ந்திருக்கக்கூடிய அந்த சிலிண்டரின் இன்ஜெக்டர் கனெக்டரை அழுத்திப் பொருத்திவிட்டு, கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். அந்த அளவு மற்ற மூன்றைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தால் மட்டுமே ஹெட்டைப் பற்றிப் பேச வேண்டும்.