பையில் தயிர் கொண்டுவந்த அப்பா

கேள்வி: ஜெருசலேமில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். ஊரிலிருந்து அப்பா வந்திருக்கிறார். ஆபீஸ் நண்பர்களோடு, யூத உணவு விதிப்படி நடக்கும் ஒரு கோஷர் சைனீஸ் ஹோட்டலுக்குப் போனோம். இறால் கேட்டேன், கிடையாது என்றார்கள். அப்பா தன் பையிலிருந்து தயிர் டப்பாவை எடுத்ததும் மேற்பார்வையாளர் ஓடிவந்து மூடச் சொன்னார். எல்லார் எதிரிலும் அவமானமாகிவிட்டது. அப்பா சைவம் என்பதால் வெறும் சோற்றில் சோயா சாஸ் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்துவிட்டார். காசு கொடுத்துச் சாப்பிட வந்தவர்களிடம் இப்படி நடக்கலாமா? புகார் எழுதலாமா?

பதில்: எழுதாதீர்கள். அந்த மனிதருக்குச் சம்பளமே அதற்குத்தான். 'குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே' என்று யூதர்களின் வேதமான தோராவில் மூன்று இடங்களில் வருகிறது. அதை வைத்துத்தான் இறைச்சிக்கும் பாலுக்கும் தனித்தனிப் பாத்திரம், தனித்தனிச் சமையலறை. இறைச்சி சாப்பிட்டபின் ஆறு மணி நேரம் பால் தொடாதவர்கள் அங்கே ஏராளம். செதிலும் துடுப்பும் இல்லாததால் இறாலும் ஆகாது. சீனச் சமையலில் பாலுக்கு அதிகம் வேலையில்லை. அதனால்தான் கோஷர் இறைச்சி ஹோட்டல்களுக்கு அது சுலபமாகப் பொருந்திப்போனது.

அது இருக்கட்டும். வெளியே சாப்பிடக் கிளம்பும்போது ஒரு பெரியவர் எதற்குப் பையில் தயிரை வைத்துக்கொள்கிறார்? போகிற இடத்தில் தனக்கு ஒன்றும் கிடைக்காது என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. இதற்கு முன்னாலும் பட்டினியாகத் திரும்பியிருப்பார், உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். முன்பின் தெரியாதவர்களின் ஆசாரம் கெடக்கூடாதென்று அந்த ஹோட்டல் ஓர் ஆளைச் சம்பளத்துக்கு நிறுத்தியிருக்கிறது. உங்கள் அப்பாவின் தட்டைப் பார்க்க யார் இருந்தார்கள்? பிள்ளை நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து இறாலைத் தேடிக்கொண்டிருந்தீர்கள். அவமானம் என்கிறீர்களே, அந்த டப்பாவை மூடி மறுபடி பைக்குள் வைத்தபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும்? அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. பெற்றவரை இத்தனை தூரம் வரவழைத்தால், அவர் வயிறு நிறைகிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. நண்பர்கள் எல்லாம் அப்புறம்.

கோஷர் என்றால் சைவம் என்று நினைத்துக் கூட்டிப்போயிருந்தால், அதுவும் தப்பு. இறைச்சி ஹோட்டலில் காய்கறி சூப்பிலேயே கோழிச் சாறு இருக்கலாம். கோஷர் விதி அதைத் தடுக்காது. நல்லவேளை, அவர் வெறும் சோற்றோடு நிறுத்திக்கொண்டார்.

ஹோட்டல்களில் மாட்டியிருக்கும் கோஷர் சான்றிதழைப் பாருங்கள். 'பசாரி' என்றால் இறைச்சி, 'ஹலாவி' என்றால் பால் உணவு. ஹலாவி ஹோட்டலில் இறைச்சியே கிடையாது. மீனும் முட்டையும் இருக்கலாம் என்பதால் ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அங்கேயும் வீட்டு டப்பாவைத் திறக்க வேண்டாம், தயிர் அவர்களிடமே கிடைக்கும். வெள்ளி சாயங்காலத்திலிருந்து சனி இருட்டும்வரை கோஷர் ஹோட்டல்கள் மூடியிருக்கும். ஞாயிறு வேலை முடிந்ததும் அப்பாவை மட்டும் கூட்டிப்போங்கள். மெனுவை வாசித்துக் காட்டி, அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, அதை முதலில் சொல்லுங்கள்.