பழைய தமிழில், பெரியவர்கள் முடித்துவைக்கும் கல்யாணமும் யாரென்று சொல்லாத மாப்பிள்ளையும் வரும் காதல் கதை உண்டா?

உண்டு, சீவக சிந்தாமணி. "ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று, திருத்தக்கதேவர் இயற்றியது, சமண நூல்" என்று பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துபோனோமே, அதே நூல்தான். 10ஆம் நூற்றாண்டு, 13 இலம்பகங்கள் (அத்தியாயங்கள்), மூவாயிரத்துக்கும் மேல் பாடல்கள். மணநூல் என்று இன்னொரு பெயரும் இருக்கிறது, ஏனென்றால் நாயகன் சீவகனுக்கு எட்டுக் கல்யாணம்.

மாப்பிள்ளை மறைந்து வாழும் காரணம் இது. ஏமாங்கத நாட்டு அரசன் சச்சந்தனைக் கொன்றுவிட்டு அமைச்சன் கட்டியங்காரன் அரியணை ஏறுகிறான். நிறைமாத அரசி விசயை மயில்பொறியில் பறந்து தப்பி, சுடுகாட்டில் பிள்ளை பெறுகிறாள். இறந்த தன் குழந்தையோடு அங்கே வந்த வணிகன் கந்துக்கடன் அந்தப் பிள்ளையை எடுத்துப்போய் வளர்க்கிறான். பிறப்பு இரகசியத்தைச் சொன்ன ஆசிரியர் அச்சணந்தி, ஓராண்டு பொறுத்திரு என்று வாக்கு வாங்கிக்கொள்கிறார். ஆக, ஊருக்கு அவன் வணிகர் வீட்டுப் பையன். அப்புறம் கட்டியங்காரன் அவனைக் கொல்லப் பார்க்க, தப்பி ஊர் ஊராகச் சுற்றுகிறான். போகிற ஊரில் எல்லாம் கல்யாணம்!

ஆனால் என்னை இழுத்தது அவனுடைய சாகசம் இல்லை. தான் யாரென்று அவன் சொல்வதற்கு முன்பே பெண்கள் அவனைக் கண்டுகொள்கிறார்கள், அதுதான்.

கேமசரியைப் பாருங்கள். எந்த ஆணைப் பார்த்தாலும் அவளுக்கு வெட்கமே வருவதில்லை. யாரைக் கண்டு நாணுகிறாளோ அவனே கணவன் என்று சோதிடம் சொல்லியிருக்கிறது. பாவம், அப்பா வருகிறவனை எல்லாம் வீட்டுக்கு அழைத்துச் சோறு போட்டுக் காத்திருக்கிறார். இங்கே பெங்களூரில் மேட்ரிமோனி தளத்தில் சம்பளம், சொந்த பிளாட், ஒயிட்ஃபீல்டா எலக்ட்ரானிக் சிட்டியா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம். அங்கே மாப்பிள்ளை யார், எந்த ஊர் எதுவும் தெரியாது. பெண் தலை குனிந்தாள், கல்யாணம் முடிந்தது. பெரியவர்கள் செய்துவைப்பதுதான், ஆனால் முடிவு அவள் முகத்தில் இருக்கிறது. இரண்டே மாதத்தில் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடுகிறான் என்பதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. அதற்கு முன் மணந்த பதுமை என்ற பெண்ணுக்கும் இதையேதான் செய்தான்.

சுரமஞ்சரி கதை இன்னும் சுவாரசியம். அவளும் தோழி குணமாலையும் யார் இடித்த வாசனைச் சுண்ணம் உயர்ந்தது என்று போட்டி போடுகிறார்கள். சீவகன் இரண்டையும் காற்றில் தூவ, வண்டுகள் குணமாலையின் சுண்ணத்தையே மொய்க்கின்றன. தோற்ற கோபத்தில் சுரமஞ்சரி இனி ஆண் முகத்திலேயே விழிப்பதில்லை என்று கன்னிமாடத்தில் அடைந்துகொள்கிறாள். பின்னாளில் "அவளை மணந்து காட்டு பார்ப்போம்" என்று நண்பன் புத்திசேனன் சீண்ட, சீவகன் தள்ளாடும் கிழவனாக வேடமிட்டுப் போகிறான். கிழவர்தானே என்று உள்ளே விடுகிறார்கள். சாப்பாடு போடுகிறாள், படுக்க இடம் கொடுக்கிறாள். இரவில் கிழவன் பாடுகிறான். உருவத்தை முழுக்க மாற்றியவனால் பாட்டை மாற்ற முடியவில்லை. இது சீவகன் பாடுவது போலவே இருக்கிறதே என்று அவள் காது பிடித்துவிடுகிறது. மறுநாள் காமன் கோட்டத்தில், அதாவது மன்மதன் கோயிலில், அவள் வேண்டிக்கொள்ள, சிலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் புத்திசேனன் "சீவகனைப் பெற்றாய்" என்று சாமி குரலில் அருள்வாக்கு சொல்கிறான். திரும்பினால் எதிரில் சீவகன். இவ்வளவு கூத்துக்குப் பிறகும் பெண் கேட்டு, வீட்டார் சம்மதித்து, முறைப்படிதான் திருமணம் நடக்கிறது.

மூத்த மனைவி காந்தருவதத்தை வித்தியாதரர் என்னும் மாய வித்தை தெரிந்த குலத்துப் பெண். கணவன் மறைந்திருக்கும் இடத்தைத் தன் வித்தையால் தெரிந்துகொண்டு கடிதம் அனுப்புகிறாள். அதில் எழுதுவது அவனுடைய இன்னொரு மனைவியான குணமாலை படும் துயரத்தை. மொத்தக் காப்பியத்திலும் காந்தருவதத்தையைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

என் அலுவலகத்தில் ஒரு கன்னடச் சமண நண்பர் இருக்கிறார். கதையைத் தொடங்கியதுமே "இது எங்கள் ஜீவந்தர கதை" என்றார். 1424இல் பாஸ்கர கவி கன்னடத்தில் எழுதிய 'ஜீவந்தர சரிதெ' இதே கதைதான். இன்னொன்றும் இங்கே சொல்லலாம்: சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. சைவர். கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய்ச் சந்தேகம் தீர்த்துக்கொண்டுதான் 1887இல் வெளியிட்டார்.

பெங்களூரில் இருக்கிறீர்கள் என்றால் அல்சூர் ஏரிப் பக்கம் தமிழ்ச் சங்கத்து நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். உரையோடு படிப்பது நல்லது, வெறும் மூலம் ஓடாது. முதல் இலம்பகத்தின் நாட்டு வருணனையிலேயே பலர் மூடி வைத்துவிடுகிறார்கள். ஒன்பதாவதான சுரமஞ்சரியார் இலம்பகத்தில் தொடங்கி, பிடித்திருந்தால் ஆறாவதான கேமசரிக்குப் போங்கள். போர், முடிசூட்டு எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.