"ஹோட்டல் வேலைக்கோ?" என்று கேட்ட அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

"கொமர்ஸில் நல்ல ரிசல்ட் எடுத்த பிள்ளை, ஹோட்டலில் கோப்பை கழுவவோ போகிறாள்?" என்று, உங்கள் மகள் சுற்றுலாத் துறை படிக்க விரும்புவதைப் பற்றி என்னிடம் கேட்டீர்கள். வங்கி வேலை என்றால் நாலு பேருக்குச் சொல்லலாம், உங்கள் மனம் எனக்கு விளங்குகிறது. ஆனால் சுற்றுலா ஹோட்டல் வாசலோடு முடிகிற தொழில் இல்லை.

ஒரு நாள் காலையில் எங்கள் யாழ்ப்பாணத்துக் குறிகட்டுவான் படகுத்துறையில் நின்று பாருங்கள். தெற்கிலிருந்து பஸ்ஸில் வந்த குடும்பம் நயினாதீவுக்குப் படகு ஏறும். நாகவிகாரைக்குப் போவார்கள், நாகபூசணி அம்மனையும் கும்பிடுவார்கள். திரும்பும்போது கையில் பனங்கட்டிக் குட்டான் இருக்கும். கருப்பநீர் இறக்கியவர், காய்ச்சியவர், ஓலையில் குட்டான் இழைத்தவர் என்று அந்த ஒரு குட்டானிலேயே மூன்று வீட்டு அடுப்பு எரிகிறது. படகுக்காரர், ஓட்டோக்காரர், அறை கொடுத்தவர் எல்லாம் வேறு. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் ஊரைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். காசை விட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. போர்க்காலம் முழுக்க எங்களைச் செய்தியில் மட்டும் கண்ட சனம், இப்போது எங்கள் திண்ணையில் இருந்து தேத்தண்ணி குடிக்கிறது.

இங்கே வருகிறவர்களுக்கு வழியும் திறந்திருக்கிறது. 2014இல் யாழ்தேவி ரயில் திரும்ப வந்தது. 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமானது. 2023இல் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் வந்தது.

உங்கள் பயத்திலும் நியாயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். 2018இல் நாட்டுக்கு 23 லட்சம் வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். ஈஸ்டர் குண்டுவெடிப்பு, கொரோனா என்று அடி விழுந்து, 2021இல் 2 லட்சம்கூட இல்லை. 2024இல்தான் மறுபடி 20 லட்சத்தைத் தாண்டியது. அதனால் எந்தத் துறைக்கும் கைகொடுக்கிற படிப்பாக எடுப்பது நல்லது. சப்ரகமுவ, ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகங்களில் சுற்றுலா முகாமைத்துவப் பட்டப்படிப்பு இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி போதாவிட்டால் என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமை வழியாகவும் மேலே வரலாம். சிங்களத்தை மட்டும் இன்றைக்கே தொடங்கச் சொல்லுங்கள். இங்கே வருகிற உள்நாட்டுப் பயணிகளில் அநேகமானோர் பேசுவது அதைத்தான். அதோடு ஆங்கிலமும் இருந்தால், சுற்றுலா வழிகாட்டி உரிமத்துக்கும் முயலலாம்.

சனிக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அதற்கு முன் ஒரு பின்னேரம் அவளோடு யாழ்ப்பாணக் கோட்டைக்குப் போங்கள். போர்த்துக்கேயர் கட்டியதை ஒல்லாந்தர் 1658இல் பிடித்து ஐங்கோணமாக மாற்றிய கதையை அவள் சொல்லட்டும், நீங்கள் கேளுங்கள். சொல்லும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று வந்து சொல்லுங்கள். அப்புறம் விண்ணப்பத்தைப் பற்றிப் பேசுவோம்.