மச்சானுக்கு நானே டைவிங் சொல்லிக் கொடுக்கலாமா?

கேள்வி: அக்கா, போன வருஷம் தியோமான் தீவில் 'ஓப்பன் வாட்டர்' என்ற முதல்நிலை டைவிங் கோர்ஸ் முடித்தேன். இதுவரை 11 டைவ் ஆகிவிட்டது. என் மச்சானும் அவருடைய தம்பியும், "நீதான் கார்டு எடுத்துட்டியே, எங்க கொண்டோ நீச்சல் குளத்துல சொல்லிக் கொடு. அப்புறம் புலாவ் ஹந்து தீவுக் கடல்ல இறங்கலாம். எதுக்கு ஆளுக்குப் பல நூறு வெள்ளி கொடுக்கணும்?" என்கிறார்கள். எனக்கும் ஆசைதான். செய்யலாமா?
- உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: வேண்டாம் தம்பி. மச்சான் கோபித்துக்கொண்டால் பழியை என் மேல் போட்டுவிடுங்கள்.

உங்களைக் கண்டிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை. 14 டைவ் முடித்த கெத்தில் நானும் அத்தை மகளை ஒரு கொண்டோ குளத்தில் இறக்கியவள்தான். ஆழம் 1.8 மீட்டர். மாஸ்க்குக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மூக்கால் ஊதி வெளியேற்றுவது எப்படி என்று காட்டினேன். அவள் செய்தபோது மூக்கில் ஏறிவிட்டது. மூச்சை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரே உதையில் மேலே போய்விட்டாள். நான் அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? மெல்ல மிதக்கத் தொடங்கிய என்னை நானே கீழே இறக்க, பிசிடியில் (காற்று அடைத்து மிதக்க உதவும் ஜாக்கெட்) காற்றை வெளியே விடும் பட்டனைத் தடவிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் அவள் கால் மட்டும் தெரிகிறது. பத்து நிமிஷம் இருமினாள், அவ்வளவுதான். அத்தைக்கு இன்றுவரை தெரியாது.

எவ்வளவு பெரிய கண்டத்திலிருந்து தப்பினோம் என்பது இன்ஸ்ட்ரக்டர் படிப்புக்குப் போனபோதுதான் உறைத்தது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அங்கே, சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரில் இழுத்த மூச்சை விடாமல் மேலே வந்தால், அதே காற்று இரண்டு மடங்கு இடம் கேட்கும். ஆழம் குறையக் குறைய இந்த விரிவு வேகமாகும். அதனால்தான் குளம் ஏமாற்றுகிறது. நெஞ்சு நிறையக் காற்றோடு மூச்சைப் பிடித்தால், ஒரு மீட்டர் சொச்சம் ஏறுவதற்குள்ளேயே நுரையீரல் கிழிந்து, காற்றுக் குமிழி ரத்தத்தில் கலந்து மூளைவரை போகலாம்.

இதெல்லாம் உங்களுக்கும் தெரியும், பரீட்சையில் எழுதியிருப்பீர்கள். ஆனால் 11 டைவில் உங்கள் கவனம் முழுக்க உங்கள் மிதப்பிலும் காற்று மீட்டரிலும்தான் இருக்கும். சொல்லிக் கொடுப்பவருக்கு அதெல்லாம் சைக்கிள் ஓட்டுவதுபோல் தானாக நடக்க வேண்டும். கண் எதிரில் இருப்பவர் முகத்தை விட்டு நகரக்கூடாது. பயம் முதலில் மாஸ்க்குக்குள் தெரியும். கண் பெரிதாகும். குமிழி இடைவெளி இல்லாமல் கொட்டும். கை வாயை நோக்கிப் போகும். இத்தனையும் சில வினாடிக்குள் முடிந்துவிடும்.

அதுவும் புலாவ் ஹந்து! 'பேய்த் தீவு' என்று மலாய்க்காரர்கள் சும்மாவா பெயர் வைத்தார்கள்? பல நாள் அங்கே கலங்கல் தண்ணீரில் இரண்டு மீட்டருக்கு அப்பால் ஆள் தெரியாது. மச்சானைப் பிடித்துக்கொண்டிருந்தால் அவர் தம்பி காணாமல் போவார். உங்கள் கார்டு, துணையோடு 18 மீட்டர்வரை இறங்கத்தான் அனுமதி. கற்றுத்தர அல்ல.

ஆனால் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கோர்ஸில் 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், பத்து நிமிஷம் மிதக்க வேண்டும். சிலிண்டர் எதுவும் இல்லாமல் அதற்கு அவர்களைத் தயார்ப்படுத்துங்கள். "ஞாயிறு காலை ஏழு மணிக்குக் குளத்துக்கு வாங்க மச்சான்" என்று சொல்லிப் பாருங்கள். ஆசை எவ்வளவு என்பது அப்போதே தெரிந்துவிடும்.

கேள்வி: என் நண்பர் ஒரே வருஷத்தில் இன்ஸ்ட்ரக்டர் ஆகிவிட்டார். சரியாக 100 டைவ்தான். நம்பிக் கற்கலாமா?
- பொங்கோல் வாசகி

பதில்: 'பாடி' (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் விதிப்படி இன்ஸ்ட்ரக்டர் தேர்வுக்கு 100 டைவ் போதும். அதற்கு முந்தைய படியான டைவ்மாஸ்டருக்கு 60. அவர் செய்ததில் தவறில்லை. ஆனாலும் டைவ்களைக் குறித்துவைக்கும் லாக்புக்கை வாங்கிப் பாருங்கள், கூச்சப்படாதீர்கள். நூறும் மாலத்தீவின் கண்ணாடித் தண்ணீரிலா, நம்மூர்க் கலங்கலிலுமா? முதல் சில வகுப்புகளில் மூத்தவர் யாராவது கூட இருப்பாரா? ஒரே நேரத்தில் எத்தனை பேரை இறக்குவார்? கடலில் எட்டுப் பேர்வரை விதி அனுமதிக்கிறது. ஹந்துவில் நான் இரண்டு பேருக்கு மேல் இறக்க மாட்டேன், அதுவும் ஆளுக்கு ஒரு கை எட்டும் தூரத்தில். நண்பர் "எட்டுப் பேரா, பிரச்சினையே இல்லை" என்று சிரித்தால், கோப்பி மட்டும் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.